வைரஸை விரட்டும் அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

"கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது" என்று யார் அழைத்தாலும், எதையும் அழுத்தாமல் திரையில் இருப்பதை அப்படியே படித்துக் காட்டச் சொல்வேன். பல தடவை அங்கே வைரஸே இருக்காது. எப்போதோ ஒரு தளத்தில் 'அனுமதி' என்ற பொத்தானைத் தட்டியிருப்பார்கள். அந்தத் தளம் "5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று திரையின் ஓரத்தில் ஓயாமல் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு, பயந்துபோய் அறிவிப்பைத் தட்டி, அது நீட்டும் 'கிளீனரை' இன்ஸ்டால் செய்வார்கள். உண்மையான வைரஸ் அப்போதுதான் உள்ளே வரும். முழுத்திரையை அடைத்துக்கொண்டு "இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று அலறும் எச்சரிக்கையும் இதே ரகம்தான். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் எண் கொடுப்பதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடினால் போதும்.

சரி, நிஜமாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடமே அதே கணினியில் உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ரெட்லைன், லும்மா மாதிரியான திருட்டு மால்வேர்கள் (கெட்ட நோக்கத்துடன் எழுதிய மென்பொருள்கள்) கணினியைக் கெடுக்க வருவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளி வெளியே அனுப்புவதுதான் அவற்றின் வேலை. புதிய பாஸ்வேர்டை அங்கேயே தட்டினால் அதுவும் சேர்ந்து போகும்.

குக்கீ விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வாசலில் டிக்கெட்டைக் கிழித்துவிட்டுத் திருப்பித் தரும் பாதித் துண்டு மாதிரிதான் அது: "இவரை ஏற்கெனவே சோதித்தாயிற்று" என்பதற்கான சான்று. அந்தத் துண்டு கையில் இருக்கும் திருடனிடம் பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்கள், ஓடிபியும் கேட்க மாட்டார்கள். அதனால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அப்புறம் பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். மின்னஞ்சல்தான் முதலில்; மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அதன் வழியாகத்தானே போகிறது.

ஸ்கேன் செய்து "எதுவும் இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவது இன்னொன்று. விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் (ஸ்கேன் செய்யாமல் விடவேண்டிய இடங்களின் பட்டியல்) தன் ஃபோல்டரைத் தானே சேர்த்துக்கொள்ளும் மால்வேர்கள் உண்டு. அங்கே தேட வேண்டாம் என்று காவலாளியிடமே சொல்லிவைத்த மாதிரி. முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்து, நீங்கள் சேர்க்காதவற்றை நீக்குங்கள். பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். அது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ள இடம் குறைவு. சுமார் கால் மணி நேரம்தான் ஆகும். ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்துக்கொண்டு கணினியைத் திணறடிக்கும்.

அவசரப்பட்டு ஃபார்மட் செய்வதில் நானே சூடுபட்டவன். உறவுக்காரப் பையனின் பென் டிரைவில் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. "வைரஸ் எல்லாவற்றையும் தின்றுவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லி ஃபார்மட் அடித்தேன். டிரைவில் பாதி இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டியதே, காலியான டிரைவில் அது எப்படி என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். இந்த வகை வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. மறைந்த ஃபைல்களை வெளிக்காட்டும் ஆட்ரிப் (attrib) என்ற ஒரே கட்டளையில் எல்லாம் திரும்பியிருக்கும். அவன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

சி டிரைவை மட்டும் துடைப்பதும் அரைகுறை வேலைதான். சாலிட்டி போன்ற அசல் வைரஸ்கள் கணினியில் உள்ள மற்ற எக்ஸிக்யூட்டபிள் (புரோகிராமை ஓடவைக்கும்) ஃபைல்களிலும் ஒட்டிக்கொள்ளும். டி டிரைவில் கிடக்கும் பழைய செட்டப் ஃபைலைத் திறந்தால் கதை மறுபடி முதலிலிருந்து. பிரவுசரில் சின்க் (கணக்கின் வழியாக எல்லாக் கருவிகளிலும் ஒரே அமைப்பை வைக்கும் வசதி) இருந்தால், நீக்கிய கெட்ட எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை மென்பொருள்) தானாக வந்து உட்காருவதும் உண்டு.

எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் விட்டால், சுத்தம் செய்ததற்கு அர்த்தமில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' மால்வேர், ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வேஷத்தில் வந்தது. அது எந்த வகை ஃபைல் என்று காட்டும் உண்மையான கடைசிப் பெயரை, அதாவது ஃபைல் எக்ஸ்டென்ஷனை, விண்டோஸ் மறைத்திருந்தது. ஃபைல் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது, முதல் வேலையாக அதை மாற்றுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை 2017 மே 12-இல் பரவியது; அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. பெரும்பாலும் அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டினார்கள். "இன்ஸ்டால் செய்யுமுன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று சொல்லும் கிராக் (பூட்டை உடைத்து இலவசமாகத் தரும்) மென்பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? புது ரகம் ஒன்றும் இருக்கிறது: 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்க, விண்டோஸில் கட்டளை தட்டும் ரன் பெட்டியைத் திறந்து எதையோ பேஸ்ட் செய்யச் சொல்லும். எந்த உண்மையான சோதனையும் அப்படிக் கேட்காது.

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால் மட்டும் வரிசை வேறு. பதற்றத்தில் பேக்கப் ஹார்டு டிஸ்க்கை உடனே செருகாதீர்கள், அதுவும் பூட்டப்படும். பூட்டிய ஃபைல்களையும் மிரட்டல் குறிப்பையும் அழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். 2016 மே மாதத்தில் டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்திய கும்பல் தன் மூலச் சாவியைத் தானே வெளியிட்டது. ஃபைல்களை வைத்திருந்தவர்களுக்கு அவை காசு கொடுக்காமலே திரும்பக் கிடைத்தன. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டிய ஃபைல் ஒன்றை ஏற்றினால் அதற்கான இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். இன்று இல்லையென்றால் சில மாதம் கழித்து மறுபடி ஏற்றிப் பாருங்கள்.