பி-38 ஏன் இடப்பக்கம் இழுத்தது?

கணினியில் ஓட்டும் போர் விமான சிமுலேட்டரில் என் பி-38 லைட்னிங், ஓடுபாதையில் ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே இழுத்தது. வலது பெடலை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தது. ஒற்றை எஞ்சின் விமானமென்றால் புரொப்பெல்லரின் சுழல்விசை இழுக்கிறது என்று விட்டிருப்பேன். ஆனால் லைட்னிங்கின் இரண்டு அல்லிசன் எஞ்சின்களும் புரொப்பெல்லர்களை எதிரெதிர்த் திசையில் சுழற்றுகின்றன. ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடுகட்டிவிடும். அந்த அழகான விமானத்தின் மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை.

பிரேக்கை அழுத்தி நின்றபடி எஞ்சின் விசையைக் கூட்டும் இரண்டு நெம்புகோல்களையும் (த்ராட்டில்) முழுதாகத் தள்ளினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் அழுத்தமானியில் வலது முள் 54 அங்குலம். இடது முள் 47இலேயே நின்றுவிட்டது. விண்டோஸில் நெம்புகோல்களின் அளவைப் பார்த்தால், இடது நெம்புகோலின் அளவு 93 சதவீதம் வரை வலதோடு ஒத்துப்போய், அதற்கு மேல் அசையவே இல்லை. உள்ளேயிருந்து நெம்புகோலின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முனை தேய்ந்திருக்க வேண்டும்.

மறுபடி அளவுத்திருத்தம் செய்தேன். உச்சியில் முட்கள் சேர்ந்தன, பாதி விசையில் பிரிந்தன. அதை நீக்கிவிட்டு, சிமுலேட்டரின் அமைப்பிலேயே இரண்டு நெம்புகோல்களும் 90 சதவீதத்தில் முழு விசை தருமாறு மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே அளவு, அதுதான் முக்கியம்.

அடுத்த ஓட்டத்தில் இரு முட்களும் ஒன்றாக 54ஐத் தொட்டன. மூக்கு நடுக்கோட்டை விட்டு விலகவே இல்லை.