ஊர்ப் பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி: பிளஸ் ஒன் முதல் சாய்ஸ் லிஸ்ட் வரை

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது, ரிசல்ட் மே தொடக்கத்தில் வருகிறது. எங்கள் திருப்பூர் பக்கத்தில் பையன்கள் கைவிட்டுப் போவது இந்த இடைவெளியில்தான். "சும்மாதானே இருக்கறே, போய்ட்டு வா" என்று வீட்டிலேயே பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். கைமடி, செக்கிங், பேக்கிங் என்று ஏதாவது வேலை கிடைத்துவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை கையில் காசு. விண்ணப்பம் போட வேண்டிய மே மாதம் அப்படியே ஓடிவிடும். படிக்க ஆசை இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து "இதைப் போடு, அந்தச் சான்றிதழை எடு" என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆளாக இருக்க, கல்லூரிப் படிப்பைத் தாண்டி வந்த யாராலும் முடியும். வாரத்தில் ஒரு ஞாயிறு காலை ஒதுக்கினால் போதும். எங்கள் ஊரில் நாங்கள் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஆளும் இடமும்

பிளஸ் ஒன்னிலேயே பிடியுங்கள். பிளஸ் டூவில் ஆரம்பித்தால் ஓட்டப்பந்தயம்தான் நடக்கும், வழிகாட்டல் நடக்காது. ஒரு பெரியவருக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஊர்ப்புற நூலகம், சமுதாயக் கூடம், கோயில் முன்மண்டபம் என நாலு பேர் வந்துபோகிற இடத்தில் மட்டும் கூடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. அம்மா அப்பாவிடமும் தலைமை ஆசிரியரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால், நீங்களே பஞ்சாயத்து பண்ணப் போகாமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

2. "என்னவாகப் போறே?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் போலீஸ், நர்ஸ், டீச்சர், ஐடி, கலெக்டர் என்ற ஐந்தில் ஒன்றுதான் பதிலாக வரும். அவர்கள் கண்ணில் பட்ட வேலைகள் அவைதான். அதனால் முதல் சில மாதங்கள் வேலை செய்கிறவர்களிடம் கூட்டிப் போங்கள்: கால்நடை மருத்துவர், மின்வாரிய உதவிப் பொறியாளர், ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் அக்கா. பிள்ளைகள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. என்ன படிச்சீங்க? உள்ளே எப்படி நுழைஞ்சீங்க? முதல் சம்பளம் எவ்வளவு? மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் லேபுக்கு ஒருமுறை போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பிப்பெட்டில் தண்ணீர் எடுத்து டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தார். "இதே பிராக்டிகல்தானுங்க்கா எங்களுக்கும்!" என்றாள் ஒருத்தி. அதுவரை வேதியியல் அவளுக்கு மனப்பாடம் பண்ணுகிற பாடம். நாங்கள் கிளம்பும்போது அவள் அவரிடம் பி.எஸ்சி. வேதியியல் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கூடவே, காதில் விழாத படிப்புகளையும் போட்டு வையுங்கள். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டிய தேர்வு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னை ஐஐடி நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. அவர்களே ஒரு தகுதிச் சுற்று வைக்கிறார்கள், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவர்கள் டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

3. தலைமைப் பண்பை மனுவில் பழக்குங்கள்

மைக் பிடித்துப் பேசுவதற்குத்தான் பள்ளியில் ஆண்டுவிழா இருக்கிறதே. நான் நம்புவது மனுவைத்தான். எரியாத தெருவிளக்கு, பள்ளி நேரத்துக்கு வராத பஸ், தண்ணீர் வராத பள்ளிக் கழிப்பறை என ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மனுவை அவர்களே எழுதட்டும், ஊராட்சி அலுவலகத்தில் அவர்களே கொடுக்கட்டும். நீங்கள் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. மனுவுக்குத் தரும் எண்ணைக் குறித்து வைத்து, பின்தொடர வேண்டும். அதற்கும் பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு.

கிராம சபைக்கும் அழைத்துப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு உண்டு. 18 ஆகாதவர்கள் உறுப்பினர் இல்லை, ஆனால் உட்கார்ந்து கவனிப்பதே பெரிய பாடம்.

இதைக் கல்லூரி வழிகாட்டலுக்குள் ஏன் கொண்டுவருகிறேன் என்றால், கவுன்டர் முன்னால் நின்று "சார், என் மனு என்னாச்சுங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்ட பிள்ளை அடுத்த மாதம் விஏஓ அலுவலகத்துக்குத் தனியாகவே போகும். நாளைக்குக் கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை வராதபோதும் போய்க் கேட்கும்.

4. பைல்

பிளஸ் டூ பொங்கல் விடுமுறையில் இதைத் தொடங்குங்கள். ஆளுக்கொரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைல். செல்போனில் போட்டோ எடுத்து வைப்பது கூடுதல் பாதுகாப்புக்கு மட்டும். போன் உடையும், விற்கப்படும், தம்பி கையில் போய் எல்லாம் அழியும்.

ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புதிதாக எடுத்த வருமானச் சான்றிதழ், மாணவர் பெயரில் வங்கிப் பாஸ்புக். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை இதில்தான் கிடைக்கும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பொருந்தாது. சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். மே மாதக் கூட்டத்தில் மாட்டினால் அங்கே விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று படிப்படியாகத் தேங்கி நிற்கும். அதனால்தான் பொங்கல்.

அப்புறம் எல்லாத் தாள்களையும் வரிசையாகத் தரையில் பரப்பி, பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ஆதாரில் இனிஷியல் இருக்காது, சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு எழுத்தில் இருக்கும், பிறந்த தேதி ஒன்றில் மாறியிருக்கும். ஆதாரைத் திருத்துவது சுலபம், மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கத் தரும்போது பிள்ளை அதை நிதானமாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும். எல்லாவற்றுக்கும் அந்த ஏழு வருடப் படிப்புக்குச் சான்று வேண்டும். பள்ளி மாறிய பிள்ளை என்றால் இதை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

5. சாய்ஸ் லிஸ்ட்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பொறியியலுக்குக் கட் ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200க்குக் கணக்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 82 என்றால் 86 + 39 + 41 = 166.

கலந்தாய்வு முழுக்க இணையத்தில். நம் சுற்று வரும்போது கல்லூரியையும் பாடப் பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் சாய்ஸ் லிஸ்ட். 166 வாங்கிய ஒரு பெண், வீட்டு வாசலில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கல்லூரியை முதலில் போட்டிருந்தாள். அதைவிட நல்ல கல்லூரி பத்தாவது இடத்தில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "இது எப்படியும் கெடைச்சிருமுங்க்கா. அதை மொதல்ல போட்டு, கெடைக்காமப் போச்சுன்னா?"

இந்தப் பயம் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது, பெற்றோருக்கு இன்னும் அதிகம். ஆகவே கணினி என்ன செய்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். அவர் பட்டியலில் முதல் வரியைப் பார்க்கும், இடம் இருந்தால் தரும். இல்லையென்றால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. எட்டாக் கல்லூரியை மேலே போட்டதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது. ஆனால் உறுதியாகக் கிடைப்பதை முதலில் போட்டால் கணினி அங்கேயே நின்றுவிடும், பத்தாவது இடத்தில் இருக்கும் நல்ல கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்காது. ஆசை மேலே, உறுதி கீழே. அந்தப் பெண்ணின் பட்டியலை அன்றைக்கே அப்படித் திருப்பிப் போட்டோம்.

வரிசைப்படுத்த நான் செயலி எதையும் நம்புவதில்லை. பழைய நோட்டுத் தாளைச் சீட்டுகளாகக் கிழித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சீட்டிலும் கல்லூரி எண், பிரிவு, போன வருடம் தன் இட ஒதுக்கீட்டு வகுப்பினருக்கு முடிந்த கட் ஆஃப், பஸ்ஸா ஹாஸ்டலா என்பது. சிமென்ட் தரையில் பரப்பி, இரண்டிரண்டாக எடுத்து ஒரே கேள்வி: "இந்த ரெண்டும் கெடைச்சா எதுல சேருவே கண்ணு?" சொல்வது மேலே போகும். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் வரவேண்டிய சண்டை அங்கேயே வந்து தீர்ந்துவிடும். "இதுல கெடைச்சாலும் அனுப்ப மாட்டோமுங்க" என்று அவர்கள் சொல்லும் சீட்டை, பேசிப் பார்த்தும் மசியவில்லை என்றால், எடுத்துவிடுங்கள். சேர மாட்டேன் என்கிற எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. சேருவேன் என்பவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

போன வருடக் கட் ஆஃப் கலந்தாய்வின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே கிடைக்கிறது. யூடியூப் கணிப்பு வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள். பட்டியலைச் செல்போனில் ஏற்றாமல் கணினியில் ஏற்றுங்கள், சின்னத் திரையில் விரல் பட்டாலே வரிசை மாறும். பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து ஏற்றுங்கள், ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் நிறைய. ஏற்றியபின் ஒருவர் சீட்டைப் படிக்க, இன்னொருவர் திரையைச் சரிபார்க்க வேண்டும். கடைசி நாள் மாலைக்குத் தள்ளவே தள்ளாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இன்னொரு முடிவு. ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளது காலியானால் மாறக் காத்திருக்கலாம். மறுத்துவிட்டும் காத்திருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டாவதை. கையில் உள்ளதும் போகாது, மேலே போகும் வழியும் திறந்திருக்கும். எதைத் தேர்ந்தாலும் உறுதிசெய்யவும் பணம் கட்டவும் கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் இடம் போய்விடும்.

கலை அறிவியல் கல்லூரி என்றால் இவ்வளவு பாடு இல்லை. திருப்பூரில் உள்ள சிக்கண்ணா, எல்ஆர்ஜி போன்ற அரசுக் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம், சிறு கட்டணம். பொறியியலுக்குக் காத்திருப்பவரும் இதைப் போட்டு வைக்கட்டும்.

6. சேர்ந்த பிறகு

முதல் செமஸ்டர் முடியும் வரை ஞாயிறுதோறும் ஒரு போன். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல், "நான் கம்பெனிக்கே போயிடறேனுங்க்கா" என்று ஆரம்பிப்பது அப்போதுதான். அதே கல்லூரியில் படிக்கும் நம் ஊர் சீனியர் ஒருவரோடு கோத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பலருக்கு நேர்ந்த சிக்கல், பிரவுசிங் சென்டர்காரரின் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் போட்டுவிடுவது. ஓடிபி அவருக்குப் போகும், அவர் கடையில் இல்லாத நாளில் எதுவும் செய்ய முடியாது. அம்மாவின் எண்ணைப் போடுங்கள், கலந்தாய்வு முடியும் வரை சிம்மை மாற்ற வேண்டாம். மின்னஞ்சலைப் பிள்ளையே தொடங்கட்டும், கடவுச்சொல்லைப் பைலின் உள் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மகளை ஹாஸ்டலுக்கு அனுப்ப அப்பா மறுக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். வாதாடுவதைவிட, சாய்ஸ் போடும் முன்பே அவரையும் அம்மாவையும் அந்த ஹாஸ்டலுக்கு நேரில் கூட்டிப் போங்கள். வார்டனோடு அவர் பேசட்டும், அங்கே படிக்கும் நம் பக்கத்துப் பெண்ணிடம் அம்மா பேசட்டும். எங்களுக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

கல்விக் கடனுக்கு வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம், 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. கிளை மேலாளர் வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிப் பிள்ளையையே கேட்க வையுங்கள்.

பெயில் ஆன பிள்ளையை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. ரிசல்ட் வந்த அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போங்கள். மனசு உடைந்திருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் பேச வையுங்கள். உடனடித் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள். அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். ஐடிஐ, பாலிடெக்னிக் பக்கமும் பார்த்து வையுங்கள், அவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். கம்பெனியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால், தேர்வு முடியும் வரை ஒரே ஷிப்ட் மட்டும் பார்க்க சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.