ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி மாற்றுவது எப்படி?

மணலி, மாதவரம் பக்கம் குடோன் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் முதலில் ஒன்று சொல்வேன்: குடோனில் சரக்கு தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட்டின் பேட்டரியை பைக் பேட்டரி மாதிரி நினைக்காதீர்கள். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்றால் உள்ளே 2 வோல்ட் செல் 24 இருக்கும். முக்கால் டன், ஒரு டன் என்று கனக்கும்.

1. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். முகக் கவசம், ரப்பர் கையுறை, ஏப்ரன், ஷூ போடுங்கள்.

2. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் சரக்கு தூக்கும் ஃபோர்க்கைத் தரைவரை இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுங்கள். அப்புறம் கனெக்டரைப் பிரியுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

3. சாவி கைக்கு வந்தாலும் செல்லில் கரண்ட் இருக்கிறது. ஒருமுறை என் கையிலிருந்து நழுவிய ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தது. பட்டென்று ஒரு வெடி. ஸ்பேனர் நுனி எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து மூடியைத் திறந்ததும் பேட்டரி மேல் ரப்பர் பாய் விரித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

4. பேட்டரியைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு லாக்கை எடுத்துவிட்டு, ஹாய்ஸ்ட்டில் (மேலே தூக்கும் சாதனம்) பேட்டரி நீளத்துக்கேற்ற பீமை (இரும்புச் சட்டம்) மாட்டித் தூக்குங்கள். பீம் இல்லாமல் ஒரே ஹூக்கில் செயினை மாட்டினால் அது சாய்வாக இழுத்து, பெட்டியின் இரு பக்கத்தையும் உள்ளே நெருக்கும். செல் விரிசல் விடும். சாண் அளவு தூக்கி, சாய்கிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்றுங்கள். அடியில் கையோ காலோ போகக் கூடாது.

5. மாற்று பேட்டரியின் வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது, எடையும் பாருங்கள். வண்டியின் விவரத் தகட்டில் குறைந்தபட்ச பேட்டரி எடை போட்டிருக்கும். பின்பக்கம் இருக்கும் அந்தக் கனம்தான் முன்னால் தூக்கும் சரக்குக்கு ஈடு. எடை குறைந்தால் லோடு தூக்கும்போது வண்டி முன்பக்கம் குடை சாயும். இறக்கியதும் லாக், பிறகு கனெக்டர்.

6. கழற்றியதை காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். ஹைட்ரஜன் கிளம்பும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி ஆகாது. செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகடு மூழ்கியிருந்தால் தண்ணீரை சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுங்கள், முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம்ம ஊர் உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் பேட்டரி சீக்கிரமே காயலான் கடைக்குப் போய்விடும்.