படகைப் பூட்டும் முன் குழாய்களைத் திறந்து வையுங்கள்
இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் எனும் குறுகலான, நீண்ட படகு வைத்திருப்பவர்கள், குளிர்காலத்துக்காகப் படகைக் கட்டிவிட்டுக் கிளம்பும்போது, தண்ணீர் பம்பை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் திறந்து, நீர் வடிந்த பிறகும் மூடாமல் அப்படியே விட்டுவர வேண்டும். ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே கிடத்தி, ஷவர் குழாயின் கைப்பிடியை வெந்நீரும் தண்ணீரும் சேர்ந்து வரும் நடுநிலையில் வைப்பது மிக முக்கியம்.

உறையும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. திறந்த குழாயில் அது விரிய இடமுண்டு, மூடிய குழாயிலோ உலோகத்தையே பிளந்துவிடும். ஷவர் குழாயின் பித்தளை உடலுக்குள் சிறு அறைகளில் நீர் தங்கிவிடுவதால், பெரும்பாலும் முதலில் வெடிப்பது அதுதான். வசந்தத்தில் பம்பைப் போட்டதும் படகுக்குள் நீர் பீறிட்ட பிறகே அது தெரியவரும். முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியை முழுதும் காலி செய்யத் தேவையில்லை, மேலே சற்று இடம் விட்டால் போதும். வெந்நீர்த் தொட்டியை வடித்திருந்தால், மறுபடி நிரப்பும்வரை அதன் மின்சூடேற்றியைப் போடவே கூடாது.

படகிலேயே குடியிருந்து தினமும் அடுப்பு மூட்டுபவர்களுக்கு இது பொருந்தாது. படகின் உட்புறத்தைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஓடுவது உறைதடுப்புத் திரவம் கலந்த தனிச் சுற்று என்பதால், அதை வடிக்காமல் கலவையின் வலிமையை மட்டும் சோதிக்க வேண்டும். கேஸ் வெந்நீர்க் கருவி இருந்தால், அதிலுள்ள நீரை வடிக்கும் திருகாணியைத் தனியாகத் திறக்க வேண்டும்.