அட்டாலியில் (பரணில்) கிடக்கும் தலயாத்திரைப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்குவது எப்படி?

அவிநாசி, பவானி, கொடுமுடி, திருச்செங்கோடு என்று கொங்கேழு தலங்களில் (கொங்கு நாட்டின் ஏழு பாடல்பெற்ற சிவத்தலங்கள்) தொடங்கி காசி வரை வழி சொல்லும் பழைய புத்தகம். அட்டை போய்விட்டது, இராமபாணப் பூச்சி ஓட்டை வேறு. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் கண்ணாடிமேல் வைத்து அமுக்குவார்கள், முதுகு உடைந்துவிடும். மொபைலே போதும்.

1. மென்மையான பிரஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணியும் செலோடேப்பும் கிட்டவே வரக்கூடாது.

2. சிக்கலே இங்கேதான். மரக்கூழ்த் தாளில் அமிலம் இருப்பதால் ஆண்டுகள் போகப்போக அப்பளம்போல் நொறுங்கும். புத்தகத்தை முழுசாக விரித்தால் தையலோரம் பிளந்துவிடும். பாதி மட்டும் திறங்கள். வலப்பக்கம் மேசையில் படுத்திருக்கட்டும், இடப்பக்கம் நிமிர்ந்து சாய்ந்திருக்கட்டும். சாய்மானத்துக்குச் சுருட்டிய பவானி ஜமுக்காளம் அருமையாக நிற்கும். முதலில் வலப்பக்கங்களை மட்டும் கடைசிவரை எடுங்கள், அப்புறம் புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள். போன் தாளுக்கு நேர் மேலே இருக்கவேண்டும். சாய்ந்தால் தையலோர எழுத்துகள் சிறுத்துவிடும். ஆசாரத்து (வீட்டு முன்கூடத்து) காலை வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

3. ஸ்கேன் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. கறுப்பு வெள்ளையாக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளியை விழுங்கிவிடும். சாதாரண கேமராவில் கலரிலேயே எடுத்து, கணினியில் ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் ஓரம் வெட்டுங்கள். இலவசம்தான். பிறகு படங்களைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

4. எழுத்தாக வேண்டுமென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா வடிவங்களில் தடுமாறும், கையால்தான் திருத்தவேண்டும்.

(பிற்சேர்க்கை: கூகுள் தரும் எழுத்தில் "கஉ மைல்" என்று வருகிறதே எனச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது தமிழ் எண், ௧௨ (12) மைல். ௭ (7) கூட எ ஆகிவிடும். தூரம், கட்டணம் வரும் இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.)

5. அச்சான ஆண்டு கிழிந்துபோயிருந்தால் உள்ளே தேடுங்கள். சத்திர வாடகை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. ஈரோட்டு வண்டியை சவுத் இந்தியன் ரயில்வே என்றால் 1951-க்கும் முன்னால். மேட்டூர் அணையைக் கட்டி முடித்ததாகச் சொன்னால் 1934-க்கு அப்புறம்.

6. இன்டர்நெட் ஆர்கைவ் (archive.org) தளத்தில் ஏற்றுமுன் ஆசிரியர் காலமான ஆண்டைப் பாருங்கள். அதற்கடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அது முடிந்திருந்தால் தாராளமாக ஏற்றலாம். தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள், தேடுகிறவர்களுக்குச் சுலபம்.