டிஎன்ஏவில் மின்னூட்டம் எங்கே போய்ச் சேர்கிறது? குவானைன் சேதத்தைக் கண்டறியும் முறை

டிஎன்ஏவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்தால் உண்டாகும் நேர்மின் துளை (எலக்ட்ரான் இல்லாத இடம்), பறித்த இடத்திலேயே நிற்பதில்லை. டிஎன்ஏவின் எழுத்துகளாக அடுக்கடுக்காக இருக்கும் நான்கு வகைக் காரங்கள் வழியே தாவி, நான்கில் மிக எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும் குவானைனில் போய் விழும். இரண்டு குவானைன்கள் அடுத்தடுத்து இருந்தால் அடி வாங்குவது பெரும்பாலும் 5′ பக்கத்தில், அதாவது இழையின் தொடக்க முனைப் பக்கத்தில், இருப்பதுதான். இதை ஆய்வகத்தில் இப்படிக் காணலாம்.

ஓர் இழையின் முனையில், ஒளி பட்டால் எலக்ட்ரானைப் பறிக்கும் ஆந்த்ராகுவினோனைப் பிணையுங்கள். குவானைன் ஜோடி உள்ள எதிரிழையின் 5′ முனையில், பிறகு ஜெல்லில் தெரியும்படி அடையாளமிடுங்கள். இரண்டையும் சம அளவில், பிஎச் 7 பாஸ்பேட் கரைசலில் கலந்து, 90 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி மெதுவாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் இணையாத இழைகள் மிஞ்சி, முடிவு குழம்பும்.

பிறகு 350 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சுங்கள். பெரும்பாலான இழைகள் சேதமடையாமல் இருக்கும்போதே நிறுத்துவது மிக முக்கியம். ஓர் இழை இரண்டு முறை வெட்டுப்பட்டால், அடையாளமிட்ட முனைக்கு அருகிலுள்ள வெட்டு மட்டுமே தெரியும். ஒப்பிட, ஒளி படாத மாதிரி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, சேதமடைந்த இடத்தில் இழையை வெட்டும் பிப்பெரிடின். புகைபோக்கிக் கூண்டுக்குள் அதன் 1 மோலார் கரைசலில் 90 டிகிரி, 30 நிமிடம் வையுங்கள். முழுதும் உலர்த்தி, 7 மோலார் யூரியா கலந்த 20 சதவீத பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டுங்கள்; துண்டுகள் நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரியும். பிப்பெரிடின் மிஞ்சினால் பட்டைகள் இழுபடும். குவானைன் சேதத்தின் ஒரு வகையான 8-ஆக்சோகுவானைன் உள்ள இடத்தில் பிப்பெரிடின் சரியாக வெட்டாது. அதற்குத் தனி மாதிரியில், அந்த இடத்தில் வெட்டும் எஃப்பிஜி (Fpg) நொதியைச் சேருங்கள்.

சிங்கப்பூரில் பிப்பெரிடினை இறக்குமதி செய்ய மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி தேவை. நம் ஈரக்காற்றில், உறைபெட்டியிலிருந்து எடுத்த டிஎன்ஏ குழாயை அறை வெப்பநிலைக்கு வருமுன் திறக்காதீர்கள்.