பெரம்பூர் நீலத்தில் ஒரு மாடல் ரயில் பெட்டி: என்ன செலவு, எவ்வளவு வேலை?

மாடல் ரயிலுக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறவர்கள் கேட்கும் கூலியைப் பார்த்து, "ஒரு சாண் பெட்டிக்கு இவ்வளவா?" என்று வாய் பிளந்தவன் நான். நானே ஒன்றை அடித்துப் பார்த்த பிறகு அப்படிக் கேட்பதில்லை. பெயின்ட் 10 மி.லி. பாட்டிலில் வரும், ஒரு நிறத்துக்கு ஒன்று தாராளம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் கருவி), அதற்குக் காற்றுத் தரும் சின்ன கம்ப்ரசர் இரண்டும் சேர்த்து எனக்கு 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அது ஒருமுறைச் செலவு. ஒவ்வொரு பெட்டிக்கும் திரும்பத் திரும்பப் போவது நேரம்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஹெச்.ஓ. அளவு, அதாவது 1:87; நிஜப் பெட்டியின் நீளத்தில் 87-ல் ஒரு பங்கு. நிறம், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பெட்டிகளின் இரட்டை நீலம்: உடம்பு அடர்நீலம், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. பழைய பெட்டி ஒன்றில் பழகுங்கள். முதல் தடவையே இன்ஜினில் கை வைக்க வேண்டாம்.

படி 1: சக்கரம், ஜன்னல் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பழைய பெயின்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு துளி விட்டு, பிளாஸ்டிக் தாங்குகிறதா என்று பாருங்கள்.

படி 2: பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். அப்புறம் வெறுங்கையால் தொடக் கூடாது. நான் தொட்டேன்; பிறகு படி 5-ல் டேப்பை உரித்தபோது கட்டைவிரல் அளவுக்குப் பெயின்டும் கூடவே வந்தது.

படி 3: பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அதாவது சாம்பல் பிரைமர், மெல்லிசாக.

படி 4: வெளிர்நீலம் முதலில். அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏறாது. பெயின்ட் பால் பதத்துக்கு நீர்க்க வேண்டும். காற்றழுத்தம் கம்ப்ரசர் மீட்டரில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். ஒரே அடியில் மூடப் பார்க்காதீர்கள். பிறகு ஒரு முழு நாள் அதைத் தொடாமல் இருங்கள், இதுதான் கஷ்டம்.

படி 5: அடுத்த நிறம் படக் கூடாத இடத்தை டேப்பால் மறைப்பதுதான் மாஸ்கிங். கூலியில் பாதி இந்த வேலைக்குத்தான் என்பேன். ஜன்னல் பட்டையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கதவு விளிம்பு, கைப்பிடி ஓரங்களில் டூத்பிக்கால் அழுத்துங்கள். உடனே அடர்நீலத்துக்குப் போகாதீர்கள். டேப் ஓரத்தில் மறுபடியும் வெளிர்நீலத்தையே லேசாக அடியுங்கள். சந்து இருந்தால் அதே நிறம் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பிறகு அடர்நீலம் கசிய வழியில்லை. அடர்நீலம் அடித்து, தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள்.

படி 6: பெட்டியின் மேலுள்ள எழுத்துக்கு டீகால், அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம். வழவழப்பான கிளாஸ் வார்னிஷ் மேல் ஒட்டினால்தான் விளிம்பு தெரியாது. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது; நிறமில்லாத, ஊடுருவித் தெரியும் டீகால் தாளில் அச்சடித்த மஞ்சள் எழுத்து நீலத்தின் மேல் காணாமல் போய்விடும். வெள்ளை மை உள்ள கடையில் கொடுத்து அச்சடிப்பதே மேல்.

படி 7: கடைசியாக, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். சென்னை மழைக்காலத்தில் ஸ்பிரே டப்பாவால் அடித்தால் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். வெயில் நாளாகப் பாருங்கள்.

சரி, மொத்தக் கணக்கு: கைவேலை ஆறேழு மணி நேரம். காயவிட்ட நாட்களையும் சேர்த்தால், எனக்கு ஜன்னல் பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்ட இரண்டு வாரம் ஆயிற்று.